நான்கு பச்சை மூலைகள்

"செத்துப்போனதைப் பார்க்காதே தம்பி. சாகாததைப் பாரு."

கேலரியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு அண்ணி இப்படிச் சொன்னார். கீழே ஒரு கால்பந்து மைதானம் முழுக்கப் புல் செத்துக் கிடந்தது. போன வாரம் வரை கண்ணைப் பறிக்கிற பச்சையாக இருந்ததாம். இப்போது பழைய கோணிச்சாக்கைப் பிரித்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது.

"துக்க வீட்டுக்கு வந்தா போனவங்களைத்தான் பார்க்கணும் அண்ணி. இருக்கிறவங்களைப் பார்த்தா வம்பு" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. நான் சொல்லி அவர் சிரித்து நாலு வருடம் ஆகிறது. அதாவது, நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து.

அண்ணி பதினைந்து வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். தீ, வெள்ளம், திருட்டு என்று நஷ்டம் கேட்டு வருகிறவர்களின் கதையில் எவ்வளவு உண்மை என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் வேலை. எரிந்த கடைக்குள் நுழைந்தால் எரியாத மூலையில் போய் நிற்பார். அந்த வேலையை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் இருக்கிறான்; வருடத்தில் எட்டு மாதம் கடல். பேச்சுத்துணைக்காக அண்ணி என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நான் ஊரில் சொல்லிக்கொள்வேன். பேச்சை அடக்கத்தான் சேர்த்துக்கொண்டதாக அவர் சொல்வார்.

இந்த வழக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. காக்கிச் சட்டையும் தோளில் தோல்பையுமாக ஒரு பஸ் கண்டக்டர் படியேறி வந்தார். முப்பது வயதுப் பெண். உட்காரவே இல்லை.

"எங்க அப்பா இருபத்தாறு வருஷமா அந்த விளையாட்டுக் கிளப்புல புல்லு வளர்க்கிறார். பச்சையார்னு கூப்பிடுவாங்க. இப்ப புல்லு எல்லாம் செத்துப்போச்சு. அவர் சாமான் ரூம்ல களைக்கொல்லி கேன் இருந்துச்சுன்னு வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நாளைக்கு நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அவரை போலீஸ்ல கொடுக்கறது ஒரு தீர்மானம், அந்த கிரவுண்டுலயும் பிளாஸ்டிக் புல்லு விரிக்கிறது இன்னொரு தீர்மானம்."

"அப்பா என்ன சொல்றார்?" என்று அண்ணி கேட்டார்.

"அதுதாங்க என் பிரச்சினை. 'நான் செய்யலம்மா'ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறார். சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

பிளாஸ்டிக் புல் என்பது புதுச்சரக்கு இல்லை. பச்சையாரின் மைதானத்தை ஒட்டியே, சிமென்ட் சுவருக்கு அந்தப் பக்கம், கிளப்புக்குச் செயற்கைப் புல் மைதானம் ஒன்று இரண்டு வருடமாக இருக்கிறது. அதைப் பராமரிப்பவர் கண்டக்டரின் வீட்டுக்காரர். மாமனார் கையில் நிஜப் புல், மாப்பிள்ளை கையில் பிளாஸ்டிக் புல். வீட்டில் சோற்றில் கை வைத்ததும் சண்டை ஆரம்பிக்குமாம். 'உன் கிரவுண்டுல விழுந்தா முட்டி தோலு உரிஞ்சுடும்' என்பார் மாமனார். 'உங்க கிரவுண்டுல மழை பெய்ஞ்சா விழறதுக்கே ஆள் வராது மாமா' என்பார் மாப்பிள்ளை. சொல்லும்போது கண்டக்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

நாங்கள் கேலரியிலிருந்து இறங்கியபோது கிளப் செயலாளர் எதிரே வந்தார். தொப்பி, விசில், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தக் கேன்.

"இதுல துப்பறியறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. இந்த கிரவுண்டையும் பிளாஸ்டிக் டர்ஃப் ஆக்கலாம்னு போன மாசம் பேச்சு வந்தது. உடனே கேன்டீன்ல நின்னு, 'என் புல்லு மேல எவனாவது பிளாஸ்டிக் விரிச்சா அதைப் பார்க்க அது உயிரோட இருக்கக் கூடாது, நானே கொன்னுடறேன்'னு கத்தியிருக்கார். நாலு பேர் கேட்டிருக்காங்க. ஆள் இல்லாத நேரமா முதுகுல ஸ்பிரேயரை மாட்டிக்கிட்டுத் தெளிச்சுட்டார்."

அண்ணி மைதானத்தின் மூலையைக் கைகாட்டினார். கொடிக்கம்பத்தின் அடியில் அரிவாள் நுனி மாதிரி வளைந்த ஒரு துண்டு, நல்ல பச்சை. அடுத்த மூலையிலும் அதே. நான்கு மூலையிலும் அதே.

"அவ்வளவு ஆத்திரமா தெளிச்ச மனுஷன் நாலு மூலையை மட்டும் ஏன் சார் விட்டார்? கை வலிச்சதா?"

செயலாளர் திரும்பிப் பார்த்தார். அவர் இதுவரை செத்ததை மட்டும்தான் பார்த்திருந்தார்.

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. புல் நேர்கோட்டில் சாகவில்லை, வட்டமாகச் செத்திருந்தது. நான்கு பெரிய வட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி. வட்டம் எட்டாத இடம் மூலை.

"ஸ்பிரிங்ளர்!" என்றேன். "மருந்து முதுகுல வரல. தண்ணியில வந்திருக்கு."

"மூலைக்கு ஸ்பிரிங்ளர் எட்டாது" என்று செயலாளர் மெதுவாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை தோறும் கைக்குழாய்ல அவரே விடுவார். போன வெள்ளிக்கிழமைதான் அவரை வெளியே அனுப்பிட்டோமே." உடனே முகம் தெளிந்தது. "அப்ப கிணத்துல கலந்திருக்கார்! மோட்டார் ரூம் சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருந்தது. இன்னொண்ணும் சொல்றேன், எழுதிக்குங்க. போன செவ்வாய்க்கிழமையே மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கி வச்சுட்டார். புல்லு மஞ்சளாகுது, தண்ணி விடுய்யான்னா விடல. கொல்றதுன்னு முடிவு பண்ணவன் தண்ணி விடுவானா?"

கேனை அண்ணியிடம் கொடுத்துவிட்டுச் செயலாளர் போனதும் சொன்னேன்: "அந்தப் பொண்ணு அப்பாவைக் காப்பாத்தச் சொல்லி நம்மகிட்ட வந்தாங்க. நாம அவருக்குக் கயிறு திரிச்சிக்கிட்டிருக்கோம்."

அண்ணி கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மருந்து மிச்சம். வெளியே லேபிள் இல்லை. பசை மட்டும் சதுரமாகக் காய்ந்திருந்தது.

"அடுத்தவன் ரூம்ல கேனை வச்சுப் பழி போடறவன் லேபிளைக் கிழிப்பானா?"

"மாட்டான். 'விஷம்'னு பெரிசா எழுதி அம்புக்குறியே போடுவான்."

"அப்ப இதைக் கிழிச்சவருக்குப் பழி போடற எண்ணம் இல்ல. எதையோ மறைக்கணும்னு நினைச்சிருக்கார்."

உடைமாற்றும் அறைக்கு வெளியே குடிதண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. அதன் தலையில் கட்டுக்கம்பியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். அட்டையில் கோணல்மாணலாக 'ரிப்பேர்'. எனக்குத் தாகம். கம்பியைப் பிரித்துத் திருகினேன். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

"ரிப்பேருன்னா இப்படி ஆகணும் அண்ணி. எங்க வீட்டுக் குழாய் நல்லா இருக்கும்போதே இவ்வளவு வராது" என்று கையைக் குவித்தேன்.

அண்ணி என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி வைத்தார். தண்ணீர் தரையில் சிதறியது.

"ஓடற குழாயை எதுக்குய்யா ஒருத்தர் ரிப்பேர்னு கட்டி வைக்கிறார்? கொஞ்சம் யோசி."

யோசிக்க யோசிக்க என் உள்ளங்கை குளிர்ந்தது. சட்டையில் துடைத்தேன். பிறகு சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் அணியின் கோச் அந்த வழியாக வந்தார். காலில் சாக்ஸ், கையில் செருப்பு, தூக்கம் கெட்ட கண்கள். குழாய் எப்போதிருந்து இப்படி என்று கேட்டோம்.

"போன செவ்வாய்க்கிழமை காலைல இருந்து. பச்சையார்தான் கட்டினார். மோட்டார் தண்ணிதான் மேல டேங்க்ல ஏறி இங்கேயும் வருது. எல்லாரும் வீட்டுலேர்ந்து பாட்டில் கொண்டு வாங்கன்னு சொன்னார்."

"புல்லு எப்ப மஞ்சளாக ஆரம்பிச்சது?"

"வியாழக்கிழமை."

அண்ணி என்னைப் பார்த்தார். புல் மஞ்சளாவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் கெட்டது பச்சையாருக்குத் தெரிந்திருக்கிறது. கயிறு இன்னும் இறுகியது.

"அதுக்கு முந்தின நாள், திங்கக்கிழமை, இங்க யாராவது தண்ணி குடிச்சாங்களா?"

"எல்லாருமே குடிச்சோம். ரெண்டு பேருக்கு வாந்தி வந்தது, மறுநாள் சரியாயிட்டாங்க. எங்க கோல்கீப்பருக்குத்தான்…" கோச் செருப்பைக் கீழே போட்டார். "அவ தினமும் எல்லாரும் போனப்புறம் அரை மணி நேரம் தனியா டைவ் அடிப்பா. பிளாஸ்டிக் கிரவுண்டுல உடம்பு எரியுதுன்னு இங்கதான் அடிப்பா. ரெண்டு மூணு பாட்டில் குடிப்பா. செவ்வாய்க்கிழமையே காய்ச்சல்னு படுத்தா. இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. முந்தாநாள்லேருந்து கிட்னி வேலை செய்யலங்கிறாங்க. ஏன்னு டாக்டருக்கே தெரியல. ஏங்க, எதுக்குக் கேட்கறீங்க?"

அண்ணி அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "அந்த டாக்டருக்கு இப்பவே போன் போடுங்க."

டாக்டர் நிதானமாகக் கேட்டார். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார். "களைக்கொல்லின்னா எதுங்க? நூறு தினுசு இருக்கு. ஒண்ணுக்குக் கொடுக்கிற வைத்தியம் இன்னொண்ணுக்கு ஆகாது. பேரு வேணும்."

கேனில் மிச்சம் இருப்பதை லேபுக்கு அனுப்பினால் இரண்டு நாள் ஆகும் என்றும் அவரே சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் இருக்குமா என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு மேல் நாலு மணித் தீர்மானத்தைப் பற்றி எங்களில் யாருமே நினைக்கவில்லை.

மோட்டார் அறையின் சுவரில் பளிச்சென்று ஒரு புதுப் பலகை. 'மழைநீர் சேகரிப்புத் திட்டம். செயற்கைப் புல் மைதானத்தின் மழைநீர் முழுவதும் இக்கிணற்றில் சேர்க்கப்படுகிறது. திறந்து வைத்தவர்: கிளப் செயலாளர்.' அண்ணி பலகையை இரண்டு முறை படித்தார். பிறகு குழாயின் வடிகட்டியைக் கழற்றச் சொன்னார். உள்ளே வலையில் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது.

"டீத்தூள்" என்றேன். "கமிட்டிக்காரங்க இங்கதான் வடிகட்டறாங்க போல."

அண்ணி ஒரு சிட்டிகை எடுத்து என் விரலில் தேய்த்தார். தூள் உடையவில்லை, நசுங்கி மறுபடி எழுந்தது. ரப்பர்.

சுவருக்கு அந்தப் பக்கம் அதற்குப் பதில் இருந்தது. பிளாஸ்டிக் மைதானத்தில் காலை வைத்ததும் அடுப்பின் மேல் நின்றது போலிருந்தது. மணி பதினொன்றுதான். புல்லின் இடுக்கெல்லாம் அதே கறுப்பு ரப்பர் மணிகள். விழுகிறவர்களுக்கு மெத்தையாக இருக்கட்டும் என்று கொட்டுகிறார்களாம். ஓரத்தில் பெரிய தண்ணீர்க் குழாய். ஆட்டத்துக்கு முன்பு தண்ணீர் அடித்துக் குளிர வைக்காவிட்டால் இங்கே யாரும் கால் வைக்க முடியாது.

"எங்க வீட்டு ஷோகேஸ்ல பிளாஸ்டிக் ரோஜா இருக்கு. அதுக்கும் உரம் வைக்கணுமா அண்ணி?"

அண்ணி குனிந்துவிட்டார். இரண்டு பாய் சேர்கிற தையல் இடத்தில் விரலை விட்டு எதையோ பிடுங்கினார். நிஜக் களை. பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வந்த களை. செத்துப்போய், சாக்கு நிறத்தில்.

சுவருக்கு அந்தப் பக்கத்துப் புல்லின் அதே நிறம்.

அண்ணி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "களை வந்திருக்கு. களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. திங்கக்கிழமை ஆட்டத்துக்குத் தண்ணி பீய்ச்சிக் குளிர வச்சிருக்காங்க. இங்க உறிஞ்சிக்க மண்ணு இல்ல. அடிச்ச மருந்து அப்படியே வடிகால்ல இறங்கி, ரப்பரோட சேர்ந்து கிணத்துக்குப் போயிருக்கு. சாயங்காலம் பச்சையார் மோட்டாரைப் போட்டிருக்கார்."

"அப்ப யாரும் புல்லைக் கொல்லல. புல்லுக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க, அவ்வளவுதானா?"

"ஆமாம்" என்றார் அண்ணி. பிறகு, "இங்க களை எடுக்கிறது யாரோட வேலை தம்பி?"

எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வாய் வராதது அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை மைதானத்தில் இல்லை. எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிளாஸ்டிக் புல் விரிக்கிற இடத்துக்கு அனுப்பியிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். அவருடைய போன் நம்பர் எங்களிடம் இல்லை. பச்சையாரின் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினோம்.

இரண்டு அறை வீடு. கண்டக்டர் ட்ரிப்புக்கு நடுவே யூனிஃபார்மோடு வந்து அப்பாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். பச்சையார் தட்டைத் தொடாமல் இருந்தார். ஒல்லியான மனிதர். கால் நகங்களில் இன்னும் மண்.

"அப்பாகிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்றார் அண்ணி.

"எதுக்குத் தனியா? உங்களைக் கூப்பிட்டது நான். என் முன்னாடியே பேசுங்க."

அண்ணி ஒரு நொடி தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை. பிறகு தரையில் பச்சையாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஐயா, குழாயைக் கட்டினது நீங்க. ஃபியூஸைப் பிடுங்கினதும் நீங்க. விஷம் வச்ச ஆள் அதைச் செய்ய மாட்டார். விஷம் மேல போகக் கூடாதுன்னு நினைச்ச ஆள்தான் செய்வார். கேன் லேபிளைக் கிழிச்சது யாருக்காகன்னும் எனக்குத் தெரியும். அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். திங்கக்கிழமை சாயங்காலம் கோல்கீப்பர் பொண்ணு அந்தத் தண்ணியைக் குடிச்சிருக்கா. கிட்னி நின்னுடுச்சு. டாக்டருக்கு மருந்து பேரு வேணும்."

பச்சையார் முதல் முறையாகச் சுவரை விட்டுத் திரும்பினார்.

"காய்ச்சல்னுதானே சொன்னாங்க?"

"இல்லைங்க."

"செவ்வாய்க்கிழமை விடியறப்ப மோட்டார் ரூம்ல வாடை வந்துச்சு. பயிருக்கு அடிக்கிற வாடை எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வந்த பிள்ளைங்க மூஞ்சி ஒவ்வொண்ணா பார்த்தேன். எல்லாம் நல்லா இருந்துச்சு. அவ ஒருத்திதான் வரல. காய்ச்சல்னாங்க. காய்ச்சலாத்தான் இருக்கணும்னு நான்…" அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "நான்தாம்மா அவளுக்குப் பிடிச்சுக் கொடுத்தேன். ரெண்டாவது பாட்டிலை என் கையால பிடிச்சுக் கொடுத்தேன். வெயில்ல அடிச்சுக்கிட்டே இருக்கியே, குடின்னு சொன்னேன்."

"பேரு சொல்லுங்கய்யா."

"எனக்கு அந்தப் பேரெல்லாம் படிக்கத் தெரியாது. கேன் சுவருக்கு அந்தப் பக்கம் ரோலருக்குப் பின்னாடி கிடந்துச்சு. லேபிள்ல கையெழுத்து இருந்துச்சு. அது மட்டும் எனக்குத் தெரியும். தினமும் ரிஜிஸ்டர்ல பார்க்கிற கையெழுத்து. கிழிச்சு எரிச்சுட்டேன். கேனை எங்க போடறதுன்னு தெரியாம என் ரூம்லயே வச்சேன்."

"யார் கையெழுத்துப்பா?" என்று கண்டக்டர் கேட்டார்.

அவர் மகளைப் பார்க்கவில்லை. "நான் மாப்பிள்ளையை ஒண்ணும் கேட்கல. கேட்டா ரெண்டு பேருக்குத் தெரிஞ்சதாயிடும். கேட்காம இருந்தா என்னோட போயிடும்னு இருந்தேன்."

கண்டக்டர் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார். மெதுவாக, சத்தம் வராமல். பிறகு பையைத் துழாவிப் போனை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடியது. "என்ன, இந்த நேரத்துல?"

"கிரவுண்டுல களைக்கு அடிச்சீங்களே, அந்த மருந்து பேரு என்னங்க?"

இயந்திரச் சத்தம் விலகியது. ஒதுங்கி நடக்கிறார்.

"எந்த மருந்து?"

"அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார்."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "ஒத்துக்கிட்டாரா? நல்லவேளை. எத்தனை நாளைக்குத்தான் நான் மென்னு முழுங்கறது?"

நாங்கள் மூன்று பேரும் பச்சையாரைப் பார்த்தோம். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதை ஒத்துக்கிட்டாரான்னு கேட்கறீங்க?" கண்டக்டரின் குரல் உடையவில்லை.

"என் கேனை எடுத்துட்டுப் போய்ப் புல்லுக்கு ஊத்தினதை. ரோலருக்குப் பின்னாடி வச்ச கேனைக் காணோம், ரெண்டு நாள்ல புல்லு போச்சு. உங்கப்பாவைத் தவிர அங்க யார் வருவா? கமிட்டில அந்தக் கேனைக் காட்டி யாருதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டியேன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்."

ஒருவர் குற்றத்தை இன்னொருவர் மறைப்பதாக நினைத்து இரண்டு பேர் ஒன்பது நாள் மௌனமாக இருந்திருக்கிறார்கள். இருவரும் ஒரே பெண்ணுக்காக. அந்த ஒன்பது நாளும் வேறொரு பெண் படுக்கையில் கிடந்திருக்கிறாள்.

கண்டக்டர்தான் முதலில் பேசினார். "அப்பா ஊத்தல. நீங்க அடிச்சது வடிகால் வழியா கிணத்துக்குப் போயிருக்கு. கோல்கீப்பர் அதைக் குடிச்சுட்டா. சாகப் பிழைக்கக் கிடக்கிறா. பேரைச் சொல்லுங்க."

"வடிகால் தெருச் சாக்கடைக்குத்தானே…"

"பேரைச் சொல்லுங்க!"

அவர் சொன்னார். ஆங்கிலத்தில் நீளமான பெயர். எழுத்து எழுத்தாக இரண்டு முறை சொன்னார். கண்டக்டர் டிக்கெட் கட்டின் பின்பக்கத்தில் எழுதினார். எவ்வளவு கலந்தீர்கள் என்று அண்ணி கேட்டார். மறுநாள் மேலிடத்திலிருந்து மைதானத்தைப் பார்வையிட வருவதாக இருந்ததாம். ஒரு களைகூடத் தெரியக் கூடாது என்று நாலு மடங்கு கலந்தாராம். அதைச் சொல்லும்போது மாப்பிள்ளை அழ ஆரம்பித்தார். கண்டக்டர் போனை அணைத்தார்.

அண்ணி டாக்டருக்குப் பெயரைப் படித்தார். அந்தப் பக்கம் யாரையோ கூப்பிடுகிற சத்தம், ஓடுகிற சத்தம். திரும்பி வந்து டாக்டர் சொன்னார்: "கொடுத்துக்கிட்டிருந்ததுல ரெண்டு மருந்தை இப்பவே நிறுத்தறேன். இது தெரியாம இன்னிக்கு ராத்திரியும் கொடுத்திருந்தா…"

நாலு மணிக்கு என்னை மட்டும் கமிட்டிக்கு அனுப்பினார் அண்ணி. மேசை மேல் வடிகட்டியை வைத்தேன். கறுப்பு ரப்பர் மணிகள் வெள்ளை மேசைவிரிப்பில் கொட்டின. வடிகாலைத் தெருச் சாக்கடை வரை கொண்டுபோகாமல் கிணற்றில் சேர்த்தது யார் யோசனை என்று கேட்டேன். எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"மழைத்தண்ணி வீணாகக் கூடாதுன்னு… நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றார் அவர். தொப்பியைக் கழற்றிவிட்டிருந்தார், தொப்பி இல்லாமல் வேறு யாரோ போல இருந்தார். எனக்கு அங்கே ஒரு நல்ல ஜோக் தோன்றியது. சொல்லவில்லை. இரண்டு தீர்மானமும் அன்றைக்கு நிறைவேறவில்லை. கிணற்றுக்குச் சீல் வைக்க அதிகாரிகள் மறுநாள் வந்தார்கள்.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் டயாலிசிஸ் இயந்திரத்தில் இருந்தாள், பிறகு கிட்னி மெல்ல மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது. மறுபடி கோல்போஸ்ட்டில் நிற்பாளா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை தானாகவே போலீஸுக்குப் போனார். பச்சையாரும் கூடப் போய், லேபிளை எரித்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷன் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அண்ணி நின்றிருந்தார். பக்கத்தில் கண்டக்டர், யூனிஃபார்ம் மாற்றாமல். பெஞ்சில் கோல்கீப்பரின் அம்மா. ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவர். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"மருந்து பேரைக் கண்டுபிடிச்சுச் சொன்னது நீங்கன்னு டாக்டர் சொன்னார்" என்று அந்த அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும். யாரு செஞ்சது? எந்தப் பாவி செஞ்சான்?"

அண்ணி வாயைத் திறந்தார். இன்ஷூரன்ஸில் பதினைந்து வருடம் இருந்தவர். விசாரணை நடக்கிறது, பிறகு சொல்கிறோம் என்று அழகாகச் சொல்லத் தெரிந்தவர்.

அதற்குள் கண்டக்டர் முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுலதாம்மா. மருந்து அடிச்சது என் வீட்டுக்காரர். தெரிஞ்சும் சொல்லாம இருந்தது எங்க அப்பா."

அந்த அம்மா அண்ணியின் கையை விட்டார். எழுந்து கண்டக்டரின் முகத்துக்கு நேராக நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"என் கண்ணு முன்னாடி நிக்காதே" என்றார் அந்த அம்மா. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. கண்டக்டர் திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பார்.

"போயிடாதே. டாக்டர் வந்து இன்னும் ஏதாவது கேட்டா யாரு பதில் சொல்றது? அங்க, அந்தப் பக்கமா நில்லு."

கண்டக்டர் நடைபாதையின் கடைசிவரை போய், சுவரில் சாயாமல் நின்றார்.